மடையை அடைத்த கை

"நெட்டை அணைச்சாத்தான் அண்ணாச்சி ஊரு அடங்கும்."

தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூர் டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது 2018 மே மாதக் கடைசியில். அதன்பிறகு காஷ்மீர், ஹரியானா, மணிப்பூர் என்று எங்கே இணையத்தை நிறுத்தினாலும் அதே பெஞ்சில் அதே பேச்சு வந்துவிடுகிறது. சொல்கிறவர்கள் போலீஸுக்கு வேண்டியவர்களும் இல்லை, ஸ்டெர்லைட் ஆலைக்கு வேண்டியவர்களும் இல்லை. கொடிக்கால் வைத்திருக்கிறவர், பணி ஓய்வு பெற்ற வாத்தியார், நாளுக்கு நூறு 'குட்மார்னிங்' வாங்கிச் சலித்துப்போனவர். ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

படித்தவர்கள் இதையே சீவி முடித்துச் சொல்வார்கள். பேச்சுரிமை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் இணையம் தீ மாதிரி. அரசாங்கத்தின் கையில் ஒரு வாளித் தண்ணீர் இருக்க வேண்டாமா?

வாளித் தண்ணீருக்கு நானும் எதிரியில்லை. 2018இல் எங்கள் மாவட்டத்தில் கொட்டியது தண்ணீர்தானா என்றுதான் கேட்கிறேன்.

தேதிகளை எடுத்து வைத்துப் பார்ப்போம். ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்தை எதிர்த்து அ. குமரரெட்டியாபுரத்து மக்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் உட்கார்ந்தார்கள். மே 22, செவ்வாய்க்கிழமை, நூறாவது நாள். ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் என்று அறிவிப்பு. முந்தின இரவே 144 தடை. அன்று பகலில் சுட்டார்கள். மறுநாள் அண்ணா நகரிலும் சுட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் போனது 13 உயிர். அந்தப் புதன்கிழமைதான், அதாவது 23ஆம் தேதி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27 வரை இணையத்தை நிறுத்தும்படி உள்துறையிலிருந்து உத்தரவு வந்தது. சமூக ஊடகத்தில் பரவிய தூண்டுதல் செய்திகளால் கூட்டம் திரண்டது, அதனால் வன்முறை வந்தது என்பது உத்தரவு சொன்ன காரணம்.

23ஆம் தேதி ஊரில் பதற்றம் இருந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 13 பேரில் ஒருவர்கூட வாட்ஸ்அப் வதந்தியால் சாகவில்லை. போலீஸ் குண்டு பட்டுச் செத்தார்கள். உயிரைக் காக்கத்தான் அணைத்தோம் என்றால், அணைத்திருக்க வேண்டியது துப்பாக்கியை. அதுபோக, ஒரு குண்டுகூட வெடிக்காத திருநெல்வேலியும் குமரியும் இதில் எப்படி வந்தன? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு வந்தபோது நீதிபதிகளும் இதைத்தான் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவ்விரு மாவட்டங்களுக்கும் இணையம் முதலில் திரும்பியது. இன்றியமையாத நடவடிக்கை என்று சொன்னது நீதிமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டதும் இன்றியமையாததாக இல்லாமல் போய்விட்டது.

சரி, அந்த ஐந்து நாளில் எதை மறைக்க முடியும்? 22ஆம் தேதி நடந்ததை நாடு பார்த்ததே கேமராக்களால்தான். போலீஸ் வண்டியின் கூரைமேல் சீருடையில்லாமல் நீளத் துப்பாக்கியோடு குறிபார்த்தவரைத் தொலைக்காட்சி காட்டியது. கைபேசிக் காணொளிகள் கைக்குக் கை போயின. ஓடுகிறவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள், குண்டு எங்கிருந்து வந்தது, யார் எங்கே விழுந்தார்கள் என்பதெல்லாம் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்காது. அங்கே நின்றவர்களின் சட்டைப்பைக்குள் இருந்தது. அந்தச் சட்டைப்பைகளை வெளியுலகத்தோடு சேர்த்த கம்பியைத்தான் மறுநாளே அறுத்தார்கள். அறுத்தவர்கள் யார்? எந்த நிர்வாகத்தின்மேல் கொலைக் குற்றச்சாட்டு எழுந்திருந்ததோ அதே நிர்வாகம்.

அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். கொஞ்சம் யோசியுங்கள். முதலமைச்சருக்கே செய்தி ஊடகம் வழியாகத்தான் போகிறது என்றால், அந்த வழியை மக்களுக்கு அடைப்பது எந்த ஊர் நியாயம்? அவர் சொன்னது உண்மையில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. அந்த அக்டோபரில் அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தலைமைச் செயலாளரும் காவல்துறைத் தலைமை இயக்குநரும் உளவுத்துறைத் தலைவரும் நடப்பதை உடனுக்குடன் முதலமைச்சருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அறிக்கை சொல்கிறது. போராடியவர்கள் தூண்டாமலே போலீஸ் சுட்டது என்றும், 17 காவல்துறையினர்மேல் நடவடிக்கை வேண்டும் என்றும் சொல்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள். மே 2018இல் தவறான தகவலைப் பரப்பியது யார்? மிகப் பெரிய வதந்தி கோட்டையிலிருந்து வந்தது. அதற்கு எந்த மாவட்டத்திலும் எதையும் யாரும் அணைக்கவில்லை.

"அதற்கென்று சட்டம் இருக்கிறது, மறுஆய்வுக் குழு இருக்கிறது, யாரும் தன்னிச்சையாக நிறுத்திவிட முடியாது" என்று வக்கீல் நண்பர்கள் சொல்வார்கள். இருந்த சட்டத்தைப் பார்ப்போம். நிறுத்தியது 2017ஆம் ஆண்டு விதிகளின்படி. அந்த விதிகள் தொங்கிக்கொண்டிருந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில். வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் சிறுவனாகத் திரிந்த காலத்தில், தந்திக் கம்பிக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. விதிப்படி மறுஆய்வுக் குழு ஐந்து வேலை நாளுக்குள் கூடினால் போதும். 23 புதன்கிழமை, நடுவில் சனி, ஞாயிறு. அப்படியானால் குழுவுக்கு மே 30 வரை அவகாசம். உத்தரவோ 27ஆம் தேதியோடு முடிகிறது. கருமாதி முடிந்து வைத்தியர் நாடி பிடிக்கிற ஏற்பாடு. குழுவில் இருப்பது யார்? தலைமைச் செயலாளர் தலைவர். மற்ற இருவரும் அரசுச் செயலாளர்கள். முதலமைச்சருக்கு உடனுக்குடன் செய்தி சொன்னதாக ஆணையம் குறிப்பிட்டதே, அதே தலைமைச் செயலாளர் பதவிதான். இதற்குப் பெயர் மறுஆய்வு.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் நான் எழுதுவது மறுப்பாகாது. வதந்தி கொல்லும். தூத்துக்குடிச் சூட்டுக்கு இரண்டு வாரம் முன்பு, அதே 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிடப் போன ஒரு முதியவளைப் பிள்ளைபிடிக்கிறவள் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். பழவேற்காட்டிலும் அதே நாட்களில் ஒருவரைக் கொன்றார்கள். இரண்டுக்கும் பின்னால் இருந்தது வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய். இதைப் படித்துவிட்டு வயிறு கலங்காதவன் மனிதனில்லை.

ஆனால் அப்போது என்ன செய்தார்கள்? திருவண்ணாமலையில் இணையத்தை நிறுத்தவில்லை. அடித்தவர்களைக் கைது செய்தார்கள், பொய்யைப் பரப்பியவர்களைத் தேடினார்கள், பிள்ளைபிடிக்கிற கும்பல் எதுவும் இல்லை என்று போலீஸ் ஊர் ஊராகச் சொன்னது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. வதந்தி உண்மையாகவே ஆளைக் கொன்ற இடத்தில் அணைக்காமல் சமாளித்தார்கள். போலீஸ் கொன்ற இடத்தில்தான் அணைத்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, வதந்திக்குப் பயந்துதான் நிறுத்தினோம் என்று யாராவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

2023 மார்ச்சிலும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் வடக்கே பரவின; ஆட்கள் ரயிலேறத் தொடங்கினார்கள். போலீஸ் ஒவ்வொரு காணொளியையும் எடுத்து இது எந்த ஊர், எந்த ஆண்டு என்று விளக்கியது. பீகார் அதிகாரிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொய் அடங்கியது. பேச்சுக்குப் பேச்சு, ஆதாரத்துக்கு ஆதாரம். (அதோடு நிறுத்தாமல் பீகார் யூடியூபர் ஒருவர்மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாய்ச்சினார்கள். அவர் பரப்பியது பொய்தான். அதற்குச் சாதாரண வழக்கு போதும். கொசுவை அடிக்கச் சம்மட்டி எடுக்கும் பழக்கம் எந்தக் கட்சி வந்தாலும் போவதில்லை.) எங்கள் மாவட்டம் அணைந்து கிடந்த ஐந்து நாளில் இந்த வேலையைச் செய்ய முடியுமா? போலீஸே மறுப்பு வெளியிட்டாலும் அது யாருக்குப் போய்ச் சேரும்? இருட்டில் செத்தவர் எண்ணிக்கை வாய்க்கு வாய் ஏறும். அதைச் சரிபார்க்க வழி இருக்காது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. இந்திய இணைய நிறுத்தங்களை ஆராய்ந்த ஜான் ரைட்ஸாக், நிறுத்தத்துக்குப் பிறகு அமைதிப் போராட்டங்கள் வன்முறைப் பக்கம் சாய்வதைக் கண்டு 2019இல் எழுதினார். கூட்டத்தை ஒழுங்காக நடத்துகிறவனுக்குத்தான் தொடர்பு வேண்டும். கல்லெறிகிறவனுக்கு எதற்கு நெட்? தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் கொடுத்த அறிக்கை இன்னும் ருசிகரமானது. எங்கே எத்தனை முறை நிறுத்தினோம் என்ற கணக்கே மத்திய அரசிடம் இல்லை. நிறுத்தினால் பலன் உண்டு என்று காட்டும் ஆய்வும் இல்லை. ஆக்சஸ் நவ் அமைப்பு எண்ணியபடி 2018இல் உலகம் முழுக்க 196 நிறுத்தங்கள், அதில் 134 இந்தியாவில். மருந்து வேலை செய்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்காமல் 134 ஊசி.

"ஐந்து நாள்தானே, போன் பேச முடிந்ததே, குடியா முழுகிவிட்டது?" இதைக் கேட்பவர்களும் உண்டு. பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக இணையவழிக்கு மாறிய ஆண்டு அது. விண்ணப்பம் திறந்திருந்தது அந்த மே மாதம். பத்தாம் வகுப்பு முடிவு வந்தது அதே மே 23. வெளிநாட்டில் இருக்கும் காயல்பட்டினத்துப் பிள்ளைகளும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் டிவியில் துப்பாக்கிச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் இரண்டாவது டிக் விழவில்லை. வெற்றிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் பறித்த இலைக்குக் குறியீடும் தெரியாது, தடை உத்தரவும் தெரியாது. வாடிவிடும்.

கொடிக்கால்காரரிடமே கேட்டேன். ஒரு கொடியில் வாடல் நோய் கண்டால் என்ன செய்வீர்கள் அண்ணாச்சி? அந்தக் கொடியைப் பிடுங்கிப் போட்டு, அந்த இடத்து மண்ணைப் பார்ப்போம் என்றார். வாய்க்கால் மடையை அடைக்க மாட்டீர்களா என்றேன். சிரித்தார். மடையை அடைத்தால் நோய்க்கொடியும் சாகும், நல்ல கொடியும் சாகும். நெட்டை அணைத்தால்தான் ஊர் அடங்கும் என்று சொன்னவரும் அவர்தான்.

தொடர்பு அறுந்தால் என்னவாகும் என்று ஆத்தூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி ஏரலையும் ஆத்தூரையும் மூழ்கடித்தபோது கோபுரங்கள் செத்தன, கைபேசிகள் ஊமையாயின. எந்தத் தெருவில் யார் மாடியில் நிற்கிறார்கள் என்பது வெளியே தெரியாமல் போனதுதான் தண்ணீரைவிடப் பெரிய பயமாக இருந்தது. வெள்ளம் செய்ததை அரசாங்கமே உத்தரவு போட்டுச் செய்யலாம், அதுவும் நம் நன்மைக்காக என்றால் எனக்குப் புரியவில்லை.

இணையம் அணையாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. 2020 ஜூன், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடையை அடைக்கத் தாமதித்ததாகச் சொல்லி அழைத்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் திரும்பவில்லை. இணையம் அணைந்திருந்தால் முதலில் வந்த போலீஸ் கதையையே உலகம் நம்பியிருக்கும். ஆனால் செய்தி சமூக ஊடகத்தில் பற்றி எரிந்தது. எங்கோ இருப்பவர்கள்கூடச் சாத்தான்குளம் என்ற பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது, காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் விடச் சொன்னது, சி.பி.ஐ. போலீஸார்மேலேயே கொலை வழக்கு நடத்தியது. அப்போதும் உணர்ச்சி கொதித்தது, மிகைப்படுத்திய பதிவுகளும் வந்தன. ஊர் எரிந்துவிடவில்லை. 2018இல் 13 பேர் செத்ததற்கு ஆணையத்தின் முடிவைக் கேட்க நான்கு ஆண்டு ஆனது. 2020இல் இரண்டே வாரத்துக்குள் காவலர்கள் கைதானார்கள். இந்த வித்தியாசத்துக்கு இணையம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணமே இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்பவும் மாட்டேன்.

மொத்தமாக அணைப்பது முரட்டு வேலை, இப்போதெல்லாம் நாசூக்காகச் செய்கிறார்கள் என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. தனித்தனித் தளத்தை முடக்குவது, பதிவை நீக்கச் சொல்வது, இது பொய் என்று முத்திரை குத்துவது. கத்தி சிறிதானாலும் பிடித்திருக்கும் கை அதேதான். 2025 பிப்ரவரியில் பிரதமரை அமெரிக்க அதிபர் பக்கத்தில் கைவிலங்கோடு வரைந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடங்கியது. புகார் கொடுத்தவர் பிரதமரின் கட்சியின் அப்போதைய மாநிலத் தலைவர். முடக்கியது பிரதமரின் அரசு. தளம் முதலில் திறக்காமல் போனது. நோட்டீஸ் பிறகுதான் வந்தது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் படத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. ஒரு படத்துக்காக மொத்த நூலகத்தையும் பூட்டி, கேட்டபின் திறந்தார்கள்.

தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே தீர்ப்பளிக்க மத்திய அரசு 2023இல் விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தில்லியைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்கு ஒரு சேதி: அதே 2023இல் தமிழ்நாடு அரசும் தனக்கென ஒரு உண்மை சரிபார்ப்புக் குழுவை வைத்துக்கொண்டது. துப்பாக்கிச் சூட்டை எதிர்த்து 2018இல் குரல் கொடுத்த கட்சியின் ஆட்சிதான் அது. இந்த ஆசைக்குக் கட்சி கிடையாது.

தவறாகப் பேசுகிறவனைத் தண்டிக்க வேண்டாமா? தண்டிக்கட்டும். கலவரத்தைத் தூண்டுவது, மிரட்டுவது, அவதூறு எல்லாவற்றுக்கும் சட்டம் இணையம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. அதில் குற்றம் சாட்டுகிறவன் ஒருவன், தீர்ப்பளிக்கிறவன் இன்னொருவன், நடுவில் ஆதாரம். அந்த நடுவில் இருப்பதுதான் சங்கடம். அதனால்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ மாதிரி, 'எரிச்சலூட்டுவது' என்ற சொல்லுக்குள் யாரையும் அடக்கிவிடலாம் என்ற பிரிவை ஆசையாக வைத்திருந்தார்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. அதற்குப் பிறகும் போலீஸ் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. செத்த பிரிவைக்கூட விட மனம் வராதவர்கள் கையில் உயிருள்ள சுவிட்சைக் கொடுங்கள் என்கிறார்கள் பெஞ்சு நண்பர்கள்.

பேச்சின்மேல் பழி போடுவது புதிதும் இல்லை. எங்கள் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயர். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவர் முன்னின்று நடத்தினார். தாமிரபரணிக் கரையில் அவர் பேசியது ஊரைக் கெடுக்கிறது என்றது அன்றைய நிர்வாகம். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. சுட்டார்கள், நான்கு பேர் இறந்தார்கள். அவர் வெளியே பேசிக்கொண்டிருந்த வரை நடக்காத கலவரம் அவர் வாயை அடைத்த மறுநாள் நடந்தது. பழி விழுந்ததோ பேச்சின்மேல். இரட்டை ஆயுள் தண்டனை. அன்றும் திருநெல்வேலிச் சீமையில் டீக்கடை பெஞ்சு இருந்திருந்தால், "அந்த வக்கீலை உள்ளே போட்டாத்தான் ஊரு அடங்கும்" என்று யாரோ ஒரு நல்ல மனிதர் சொல்லியிருப்பார்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை. 2022 ஏப்ரலில் ராஜபக்ச அரசுக்கு எதிராக மக்கள் தெருவுக்கு வந்தபோது இலங்கையில் சமூக ஊடகத்தை அடைத்தார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, திறந்துவிட்டார்கள். அந்த ஜூலையில் அதிபர் நாட்டைவிட்டே ஓடினார். வாய்களை அடைத்துத் தப்பித்த அரசு எது என்று பெஞ்சில் யாராவது ஒரு பெயர் சொல்லட்டும்.

2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இணையத்தில் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் காப்புக்குள் வரும், நிறுத்த உத்தரவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது. தந்திச் சட்டம் போய்ப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, அதன்கீழ் 2024 நவம்பரில் வந்த விதிகளும் உத்தரவை வெளியிடச் சொல்கின்றன. 15 நாளுக்குமேல் கூடாது என்கின்றன. மறுஆய்வுக் குழுவில் மட்டும் இன்னமும் அரசு அதிகாரிகள்தான். வெளியார் ஒருவரும் இல்லை, ஒரு நீதிபதிகூட இல்லை.

ஆகவே அண்ணாச்சி, அடுத்த முறை உங்கள் கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், ஊர் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக டீயை உறிஞ்சாதீர்கள். எந்தத் தேதி உத்தரவு, யார் கையெழுத்து, என்ன காரணம், எத்தனை நாள் என்று கேளுங்கள். அதன் நகலைக் காட்ட அவர்கள் கடமைப்பட்டவர்கள். காட்டாவிட்டால் வழக்குப் போட மதுரை தூரமில்லை. ஆத்தூரிலிருந்து காலை பஸ் பிடித்தால் கோர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.